58,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி

திண்டுக்கல்
ஞாயிறு மதியம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முட்டிவலிதான் படுத்துகிறது. பார்சலில் பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பெரியம்மா சுட்டுக் கொடுத்த முறுக்கு எல்லாம் வைத்திருக்கிறேன். ஊறுகாயில் ஈரக் கரண்டியை விடாதே. போனிலேயே பேசியிருப்பேன். நீ இப்போதெல்லாம் பகலில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேம்மா" என்கிறாய், ராத்திரி கூப்பிட்டால் "தூக்கம் வருதும்மா" என்கிறாய். கடிதம் என்றால் உனக்கு எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போது படிப்பாய்.

தம்பியைத் திட்டாதே. அவனாக வாயைத் திறக்கவில்லை. உன் ஆர்.டி.யை முடித்த மெசேஜ் பேங்கிலிருந்து என் போனுக்கு வந்தது. அந்தக் கணக்கில் என் பெயரும் சேர்ந்திருப்பது உனக்கு மறந்துபோயிருக்கும். எதற்கு என்று அவனைத்தான் பிடித்துக் கேட்டேன். ரொம்ப நேரம் மழுப்பிவிட்டு, நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினான். பச்சை நிஞ்சா 300, கவாசாகி பைக். 2014 மாடல், மூன்றாவது ஓனர், மீட்டரில் 58,000.

உன் பணம், நீ சம்பாதித்தது. எதற்காகச் சேர்த்த பணம் என்று நான் கேட்கப் போவதில்லை. தை மாதத்து விஷயத்தையும் இதில் எடுக்கப் போவதில்லை. நீயாக எப்போது பேசுகிறாயோ அப்போது பேசிக்கொள்வோம். வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று மனசை அறுக்கிறது. எந்த வண்டிக்கு எந்த ஆயில் சீல் சேரும் என்று பழனி ரோட்டு மெக்கானிக்குகள் எல்லாம் வந்து கேட்பது நம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்டரில். அந்தக் கவுண்டரில் வளர்ந்த பெண் வண்டி வாங்கப் போகிறாள். அம்மாவிடமும் சொல்லவில்லை, அப்பாவிடமும் சொல்லவில்லை, பழைய வண்டி விற்றுத்தரும் எவனோ ஒரு கன்சல்டிங்காரன் பேச்சைக் கேட்டு அட்வான்ஸ் கொடுக்க நிற்கிறாள். இது என்ன நியாயம்? ஸ்கூல் லீவில் கவுண்டருக்கு அடியில் உட்கார்ந்து, பெட்டி கிழிந்த பேரிங்குகளை நீதான் பிரித்து அடுக்குவாய். ஓரத்தில் பொறித்திருக்கும் நம்பரைப் பார்க்கவே மாட்டாய். விரலை நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றுவாய். "இது ஓட்டை சின்னது, வெளிவட்டம் பெரிசு, 6301. இது 6202" என்று எடுத்து எடுத்து வைப்பாய். ஒன்றுகூடத் தப்பாது. வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கு அப்போது இருந்த பெருமை, நீ வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் கடைக்கு இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டபோதுகூட வரவில்லை. அந்த விரலுக்கு இன்னும் அந்தப் புத்தி இருக்கும். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

58,000 என்றதும் தம்பி "ரொம்ப ஓடிடுச்சும்மா" என்றான். எனக்கு அதில் பயம் இல்லை. பத்து வருஷத்துக்கு மேலான வண்டி பதினெட்டாயிரம்தான் ஓடியிருக்கிறது என்று ஒருவன் காட்டினால் அங்கேதான் பயப்படுவேன். டிஜிட்டல் மீட்டர் என்பதால் திருப்ப முடியாது என்று நினைத்துக்கொள்ளாதே, அதைச் செய்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். 58,000 என்றால் வருஷத்துக்கு ஐயாயிரம் சொச்சம். முறையான ஓட்டம்தான். சூட்டைத் தணிக்கக் கூலன்ட் ஊற்றுகிற இரட்டை சிலிண்டர் இன்ஜின் அது. நேரத்துக்கு ஆயில் மாற்றி, கூலன்ட் மாற்றி வைத்திருந்தால் இன்னும் நிறைய ஓடும். வருஷக்கணக்கில் மூடிபோட்டு நிறுத்தி, பெட்ரோல் டேங்கில் துருப்பிடித்து, ரப்பர் எல்லாம் வெடித்துப்போன வண்டியைவிட ஓடிக்கொண்டே இருந்த வண்டி எவ்வளவோ மேல்.

ஆனால் 58,000 என்று மீட்டர் சொன்னால் மட்டும் போதாது, வண்டியும் அதையே சொல்ல வேண்டும். ஃபுட்ரெஸ்ட் ரப்பரைப் பார், கியர் லீவர் நுனியைப் பார், சாவித் துவாரத்தைச் சுற்றி எவ்வளவு கீறியிருக்கிறது என்று பார். முன் டிஸ்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழு. பேடு தேய்க்காத விளிம்பில் நகம் தட்டும். எவ்வளவு ஆழமாகத் தட்டுகிறதோ அவ்வளவு தேய்ந்திருக்கிறது. குறைந்தது எத்தனை மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்று டிஸ்கிலேயே பொறித்திருக்கும். மீட்டர் 58,000 சொல்லி டிஸ்க் லட்சம் சொன்னால், டிஸ்க் சொல்வதை எடுத்துக்கொள்.

பில் கேள். சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை, எல்லாம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டேன் என்றால் அது வேண்டாம். இன்னொன்று, பழைய பில்களில் பஜாஜ் ஷோரூம் பெயர் இருந்தால் சந்தேகப்படாதே. கவாசாகியை இங்கே 2017 ஏப்ரல் வரைக்கும் பஜாஜ்தான் விற்று சர்வீஸும் பண்ணிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம்தான் தனிக்கடை. அதனால் 2014 வண்டிக்கு அந்தப் பழைய பில் இருந்தால்தான் நல்லது.

பில்லில் முக்கியமாக வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கு விட்டிருக்கும் இடைவெளி, பார்த்த வரி இருக்கிறதா என்று தேடு. ஸ்ப்ளெண்டருக்குப் பண்ணுகிற மாதிரி ஸ்க்ரூவைத் திருகிச் சரிபண்ணுகிற வேலை இல்லை அது. வண்டியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் ஃபேரிங்கைக் கழற்றி, டேங்க் கழற்றி, இடைவெளி தப்பியிருந்தால் கேம் ஷாஃப்ட்டையே எடுத்து, அடியில் இருக்கும் ஷிம் என்கிற சின்னத் தகட்டை அளந்து மாற்ற வேண்டும். ஒரு நாள் வேலை, கூலியும் ஜாஸ்தி. அதனாலேயே பாதிப் பேர் பார்க்காமல் ஓட்டி, வண்டியை அடுத்தவன் தலையில் கட்டிவிடுவார்கள். அந்த அடுத்தவள் நீயாக இருக்கக் கூடாது. பில் இல்லை என்றால் அந்தக் கூலியை விலையில் குறைத்துப் பேசு. நீ பேசத் தயங்குவாய். தயங்காதே.

பார்க்கப் போகும்போது காலையில் போ. ராத்திரி தெருவிளக்கில் எல்லா வண்டியும் புதுசாகத்தான் தெரியும். தனியாகவும் போகாதே. முதல் நாளே, நான் வருகிறவரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிடு. போனதும் சைலன்சர் பைப்புக்குக் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பார். சூடாக இருந்தால் உனக்கு முன்னாலேயே ஓட்டி எழுப்பியிருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடு. ஆறிய இன்ஜினில்தான் குறை தெரியும். ஸ்டார்ட் ஆனதும் பின்னால் நின்று புகையைப் பார். ஆவி மாதிரி கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது, அது ஹெட் கேஸ்கட் செலவு. கூலன்ட் மூடியைச் சூட்டில் திறந்துவிடாதே, முகத்தில் அடிக்கும். ஆறியிருக்கும்போதே பார்த்துவிடு. பிறகு நின்ற இடத்திலேயே ஓடவிட்டு ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பிக்கிறதா என்று காத்திரு. பெங்களூர் டிராஃபிக்கில் அந்த ஃபேன் இல்லாமல் ஒரு நாள் ஓட்ட முடியாது.

செயினை நீயே பார்க்கலாம். பின் ஸ்பிராக்கெட்டின், அதாவது செயின் ஓடும் பல்சக்கரத்தின், பின்பக்க ஓரத்தில் செயினைப் பிடித்து வெளியே இழு. ஒட்டிக்கொண்டே இருந்தால் நல்லது. பல் பாதி தெரிகிற அளவுக்கு விலகி வந்தால் அந்தச் செயின் முடிந்தது. பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்ந்திருக்கிறதா என்று பார். சக்கரத்தை மெதுவாகச் சுற்றவிட்டு, ஓர் இடத்தில் இறுக்கமும் இன்னோர் இடத்தில் தொய்வுமாக வருகிறதா என்றும் பார். செயினையும் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். செயினை மட்டும் மாற்றித் தருகிறேன் என்பான், கேட்காதே.

முன் ஃபோர்க்கின் பளபளப்பான குழாயைத் துணியால் துடைத்துவிட்டு, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சில தடவை அமுக்கு. குழாயில் எண்ணெய் வளையம் விழுந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது. அது சின்னச் செலவு, பயப்படாதே. ஆனால் குழாயிலேயே துருப்புள்ளியோ கீறலோ இருந்தால் எத்தனை சீல் போட்டாலும் கிழிந்துகொண்டே இருக்கும். அப்புறம் முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கச் சொல்லி, ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு விரலால் தள்ளு. நேராக வரும் இடத்தில் சின்னப் பள்ளத்தில் விழுந்த மாதிரி நின்று நின்று போனால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. அதை மாற்றாமல் ஓட்டக் கூடாது, பாப்பா. நேர்ரோட்டில் வேகமாகப் போகும்போது வண்டி தன் இஷ்டத்துக்கு அலையும்.

விழுந்த வண்டியா என்பதுதான் பெரிய கேள்வி. ஹேண்டில்பார் நுனி, லீவர் நுனி, ஃபுட்ரெஸ்ட் நுனி, இன்ஜின் கவர், சைலன்சர் எல்லாவற்றையும் ஒரே பக்கமாக வரிசையாகப் பார்த்துக்கொண்டு வா. நின்ற இடத்தில் சாய்ந்திருந்தால் கீறல் குட்டையாக, பொட்டு வைத்த மாதிரி இருக்கும். அந்த எடையில் எல்லா வண்டியும் ஒரு தடவையாவது சாய்ந்திருக்கும், அதை விடு. முன்னாலிருந்து பின்னால் நீளமாக இழுத்த கீறல் என்றால் ஓடும்போது விழுந்திருக்கிறது. ஹேண்டிலை முழுக்கத் திருப்பினால் போய் முட்டி நிற்கும் ஒரு சின்ன முட்டு சேஸிஸில் இருக்கும். குனிந்து டார்ச் அடித்து அதைப் பார். அது நசுங்கியிருந்தால் முன்பக்கம் மோதின வண்டி. அந்த வண்டியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதே. இன்ஜின் இணைப்பில் அனபாண்ட் பசை பிதுங்கிக்கொண்டிருந்தால் இன்ஜினைப் பிரித்திருக்கிறார்கள். ஏன் பிரித்தார்கள் என்று கேட்டுவிட்டு, பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்று பார். ஃபேரிங் முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் மயங்காதே. நல்ல பெயின்ட்டின் மேல் யாரும் காசு செலவழித்துப் பெயின்ட் அடிக்க மாட்டார்கள்.

டயரில் நாலு இலக்க நம்பர் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருக்கிறது என்று காட்டுவான். ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தால் ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் பிடிக்காது. மாற்றிவிடு. கேட்கிற விலைக்கு மேல் கால் பங்காவது தனியாக எடுத்து வைத்துக்கொண்டு பேரம் பேசு. டயர், செயின் செட், டிஸ்க் பேடு, பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, ஏதாவது வந்துகொண்டே இருக்கும். நம் கடையில் பல்சருக்கும் எக்ஸ்எல்லுக்கும் கைநீட்டி எடுத்துக் கொடுக்கிற மாதிரி இதற்குச் சாமான் கிடைக்காது. ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். இன்ஜின் ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாஸோ எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார். கிளச் ஆயிலில் மூழ்கி இருக்கும் இன்ஜின். கார் ஆயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். மறைக்க எனக்கு வரவில்லை. ஒன்றும் பேசவில்லை, சாப்பிட்டார், படுத்தார். மறுநாள் காலையில் கொடௌனிலிருந்து யமஹா ஆர்எக்ஸ் பைக்கை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் காபி கொண்டுபோனபோது, "அதுல ஏபிஎஸ் இருக்காதுடி, அவளுக்குத் தெரியுமா?" என்றார். அவ்வளவுதான். தை மாதத்துக்கப்புறம் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

அவர் சொன்னது சரி. பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஏபிஎஸ். 125 சிசிக்கு மேல் எல்லா வண்டிக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்று முழுசாக வந்தது 2019 ஏப்ரலில். இங்கே விற்ற இந்த நிஞ்சாவுக்கு 2018இல்தான் போட்டார்கள். 2014 வண்டியில் முன் பிரேக்கைப் பயத்தில் ஒரே பிடியாகப் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. மணல் கிடந்தால் சொல்லவே வேண்டாம். மாமா காலைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் லேசாகப் பிடித்து, வண்டியின் எடை முன்னால் இறங்கியதும் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கை பழக வேண்டும். ஏதாவது காலி கிரவுண்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், மெதுவான வேகத்தில் ஆரம்பித்துத் திரும்பத் திரும்பச் செய். கை பழகாமல் ரிங் ரோட்டுக்குப் போகாதே.

நீ இதுவரைக்கும் ஓட்டினது ஸ்கூட்டி பெப். நூறு கிலோகூட இல்லை, தொண்ணூறு சிசிகூட இல்லை. இது 172 கிலோ, 296 சிசி. ஸ்கூட்டியைப் போல ஏழெட்டு மடங்கு சக்தி. உயரம் உனக்குச் சரியாக இருக்கும், சீட் 785 மில்லிமீட்டர்தான், இரண்டு காலும் ஊன்றலாம், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். சக்தியும் கீழே இருக்கும்போது சாதுவாகத்தான் இருக்கும். 39 குதிரைசக்தி என்பது 11,000 ஆர்பிஎம்முக்கு முறுக்கினால்தான். ஆனால் இரட்டை சிலிண்டர் அதிராது, பாப்பா. ஸ்கூட்டி அறுபதில் நடுங்கி உன்னை எச்சரிக்கும். இது நூறைத் தாண்டினாலும் ஒன்றும் சொல்லாது. ஃபேரிங் காற்றை மறைத்துவிடும். வேகம் உனக்கு உடம்பில் தெரியாமலே ஏறும். மீட்டரைப் பார்க்கப் பழகிக்கொள். ஹேண்டில் ஸ்கூட்டி மாதிரி சின்ன இடத்தில் திரும்பாது. யூ டர்ன் போடும்போதுதான் புதிதாக ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் சாய்க்கிறார்கள். மெதுவாகத் திரும்பும்போது முன் பிரேக்கைத் தொடாதே, பின் பிரேக்கும் பாதி கிளச்சும்தான்.

லைசென்ஸ் கார்டை எடுத்து இப்போதே பார். நீ டெஸ்ட் கொடுத்தது ஸ்கூட்டியில். இங்கே ஆர்டிஓ கிரவுண்டில் எட்டுப் போட்டு முடித்துவிட்டு, காலை ஊன்றவே இல்லை என்று ஓடிவந்து சொன்னாய். அன்றைக்குக் கியர் இல்லாத வண்டிக்குத்தான் லைசென்ஸ் போட்டுக் கொடுத்திருப்பார்கள். கார்டில் எம்சிடபிள்யூஓஜி என்று இருந்தால் நீ நிஞ்சாவைத் தொடவே கூடாது. கியர் வண்டிக்கு எல்எல்ஆர் போட்டு, திரும்ப டெஸ்ட் கொடுத்துச் சேர்க்க வேண்டும். போலீஸ் பிடிப்பது பெரிதில்லை. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் எடுத்துப் பார்ப்பது அந்த எழுத்தைத்தான்.

மற்ற பேப்பர் உனக்கே பார்க்கத் தெரியும். பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு லோன் பாக்கி, செலான் பாக்கி, இன்சூரன்ஸ் பார். ஃபைனான்ஸ் என்று இருந்தால் பேங்க் என்ஓசியும், லோன் முடிந்ததற்கான 35ஆம் ஃபாரமும் வாங்காமல் பணம் கொடுக்காதே. பெயர் மாற்றுகிற 29, 30 ஃபாரத்தில் ஆர்சியில் இருக்கும் ஓனரே கையெழுத்துப் போட வேண்டும். கன்சல்டிங்காரன் போட்டுக் காட்டுவது செல்லாது. உன் பெயருக்கு ஆர்சி மாறுகிறவரைக்கும் கொஞ்சம் பணத்தை நிறுத்தி வை. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றக் கொடுத்துவிடு, 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடும் அதில் இருக்கட்டும். 2014 வண்டிக்கு 2029 வரைக்கும்தான் ஆர்சி. அப்புறம் புதுப்பிக்க வேண்டும், அதையும் விலையில் வைத்துப் பேசு. டெல்லி நம்பர், மகாராஷ்டிரா நம்பர் என்று மலிவாக ஒன்று காட்டுவான், வேண்டாம். வேறு மாநில வண்டி என்றால் என்ஓசி, டேக்ஸ் என்று அலைந்துகொண்டே இருப்பாய்.

முதலில் ஒரு பழைய யமஹா ஆர்15 வாங்கி ஒரு வருஷம் ஓட்டிவிட்டு அப்புறம் இதற்குப் போ என்று எழுத நினைத்தேன். கேட்கிறவனுக்கெல்லாம் நான் சொல்கிற யோசனை அதுதான். ஆறு கியர், அதே மாதிரி குனிந்து உட்காரும் வண்டி, எடை குறைவு, சாமான் எங்கேயும் கிடைக்கும், விழுந்தாலும் வீட்டை விற்க வேண்டாம். நீ கேட்க மாட்டாய் என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை யோசி. உனக்குப் பச்சை வண்டிதான் வேண்டும் என்றால் அதுவே இருக்கட்டும், நல்லதாகப் பார்த்து வாங்கு என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஆனால் ராத்திரி ஓட்டாதே. ஊருக்கு வருவதானால் விடிந்த பிறகு கிளம்பு. ஓசூர், கிருஷ்ணகிரி வரைக்கும் பரவாயில்லை. தர்மபுரி தாண்டி தொப்பூர் இறக்கம் இருக்கிறது பார், அங்கே லோடு லாரிகள் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் பின்னாலிருந்து வந்து இடித்துவிடும். நீ ஒழுங்காகப் போனாலும் அவன் நிற்க மாட்டான். அந்த இறக்கத்தில் லாரிக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்காதே, பக்கத்திலும் ஒட்டாதே. கியரைக் குறைத்து இன்ஜினிலேயே பிடித்து இறங்கு, இடம் கிடைத்ததும் விலகிப் போய்விடு. கிட்டத்தட்ட நானூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சேலத்தில் சித்தி வீட்டில் தங்கி மறுநாள் வா. வாங்கின மாதமே வர வேண்டாம். பஸ்ஸில் வா.

தம்பி இன்னொன்றும் சொன்னான். நீ ஆபீஸ் முடிந்து ராத்திரியில் ஃப்ரெண்ட் வண்டியை வாங்கிக்கொண்டு எங்கேயோ சுற்றிவிட்டு ரெண்டு மணிக்கு வருகிறாயாம். தூங்குவதில்லையாம். சாப்பிடுகிறாயா? தை மாதத்து விஷயம் எடுக்க மாட்டேன் என்று சொன்னேன், எடுக்கவில்லை. ஆனால் நெஞ்சில் பாரத்தை வைத்துக்கொண்டு வண்டி எடுக்காதே. கோபமாக இருக்கிற அன்றைக்கு எடுக்காதே, அழுதுவிட்டு எடுக்காதே. நம் கடைக்கு உடைந்த வண்டியோடு வருகிற பையன்களிடம் எப்படி விழுந்தாய் என்று கேட்டால் மணல், நாய், லாரி என்று சொல்வார்கள். கூட வந்தவனைத் தனியாகக் கேட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை என்பான். அன்றைக்கு வேகம் தெரியாது, முன்னால் போகிறவன் தெரிய மாட்டான். அந்த நேரம் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. ராத்திரி ரெண்டு மணி ஆனாலும் பண்ணு. நான் முழித்துத்தான் இருக்கிறேன். ஒன்றும் கேட்க மாட்டேன். நீ பேசாமல் இருந்தாலும் சரி, லைனில் இரு.

அந்த வீட்டுக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று ஊரில் யாராவது கேட்டால் நான் தலை குனியவில்லை. என் பெண் மேல் ஒரு குறை கிடையாது. அப்பாவும் குனியவில்லை. அவர் பேசாமல் இருப்பது உன்மேல் கோபத்தில் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இருக்கிறார். நீ ஏபிஎஸ் பற்றி ஒரு சந்தேகம் என்று அவருக்குப் போன் பண்ணினால் ஒரு மணி நேரம் பேசுவார்.

மெக்கானிக் ஓசூர் அண்ணனிடம் பேசிவிட்டேன். நம் பட்டறையை விட்டுப் போனாலும் உன்னைப் பாப்பா என்றுதான் கேட்கிறார். வருகிற சனிக்கிழமை காலையில் பெங்களூர் வந்து உன்னோடு வண்டி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் ஓட்டிப் பார்த்து, கிளச் வழுக்குகிறதா, ஆறாவது கியர் வெளியே தள்ளுகிறதா, நேராகப் போகிறதா என்று சொல்லட்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். இந்த ஒன்றில் மட்டும் அடம் பிடிக்காதே. அதற்கு முன்னால் ஐநூறு ரூபாய்கூட அட்வான்ஸ் கொடுக்காதே. ஆர்சி, சர்வீஸ் பில், ஸ்டியரிங் கழுத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் நம்பர், மூன்றையும் போட்டோ எடுத்து அப்பா நம்பருக்கு அனுப்பு. எனக்கு வேண்டாம், அப்பாவுக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா

பி.கு.: ஹெல்மெட் நான் வாங்கித் தருகிறேன், நீ வாங்காதே. முழு முகமும் மூடுகிறது, ஐஎஸ்ஐ முத்திரையோடு. அளவு தெரியாமல் வாங்கினால் விழும்போது கழன்று ஓடிவிடும். தையல் டேப்பைப் புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, காதுக்கு மேலாக, பின்மண்டை புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றிப் பிடித்து, எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதி அனுப்பு. வண்டி ஓட்டும்போது முடியை எப்படிக் கட்டுவாயோ அப்படிக் கட்டிக்கொண்டு அள.